மடியில் விடத் தகுந்த ஓணான்: முதன்முறை ஊர்வன வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

வேண்டாத வினையை விலைகொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்து, "வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கிட்ட கதைதான்" என்போம். நான் அந்தக் கதையை நிஜமாகவே செய்தவன். வீட்டில் ஒரு ஓணான், ஒரு பல்லி, ஒரு பாம்பு இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டு, அடுத்த நிமிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "இதுங்கள்ல நம்மகிட்ட நல்லாப் பழகுறது எது?"

"பழகுறது" என்ற சொல்லிலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. நாய் நம்மைத் தேடும். பூனை தேடாததுபோல் நடித்துக்கொண்டே தேடும். ஊர்வன தேடுவதில்லை. பழகிய ஓணான் உங்கள் தோளில் அரை மணி நேரம் படுத்திருக்கிறது என்றால், உங்கள் உடம்பு சூடாக இருக்கிறது, உங்களால் ஆபத்து இல்லை என்று அது கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். மூளை இல்லாத ஜென்மங்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணான் ஒன்று கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்த மற்ற டிராகன்கள் அதே மாதிரி திறந்ததை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பார்க்கும், கவனிக்கும், கற்கும். ஆனால் பாசத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். நாம் தேட வேண்டியது பயப்படாத பிராணியை. அந்தப் பயமின்மையில் பாதி இனத்திலேயே இருக்கிறது. மீதியை நாம்தான் உண்டாக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதிகளையும் பற்றியது.

படி 1: பிராணியைப் பார்க்கும் முன் உங்களைப் பாருங்கள்

முதல் கேள்வி சட்டம். எந்த இனத்தை வளர்க்கலாம், எதற்கு உரிமம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் உள்ளூர்க் காட்டு ஊர்வன எதையும் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். எல்லை கடந்து வரும் பல இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்ஸ் உடன்படிக்கைக்கும் கட்டுப்பட்டவை. உங்கள் நாட்டு வனத்துறை விதியைப் படித்துவிட்டு மேற்கொண்டு வாருங்கள். பழமொழியில் வருகிற வேலி ஓணான் எந்த நாட்டிலும் வேண்டாம். காட்டில் பிடித்தது கடைசிவரை கையைக் கண்டால் மிரளும். வயிற்றில் புழுவும் உடம்பில் உண்ணியும் கொண்டுவரும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததுதான் வேண்டும்.

அடுத்து நேரம். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி அந்தி சாய்ந்துதான் கண் திறக்கும், பாம்புகளும் பெரும்பாலும் அப்படியே. பியர்டட் டிராகன் காலையில் விளக்கோடு எழுந்து மாலையில் விளக்கோடு தூங்கிவிடும். இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவர் டிராகன் வாங்கினால், வாரம் முழுக்க அதன் முதுகைத்தான் பார்ப்பார்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பாம்புக்கு எலி வேண்டும். உறையவைத்த எலி உங்கள் ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் இருக்கும். வீட்டில் மற்றவர்கள் அதற்குச் சம்மதிக்க வேண்டும். பல்லிகளுக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். சுவர்க்கோழிப் பூச்சி டப்பாவிலிருந்து தப்பி அலமாரிக்குப் பின்னால் போய் இரவெல்லாம் கச்சேரி செய்யும். இரண்டும் ஆகாது என்றால் கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி ஒரு வழி. அதற்கென்றே வரும் பழமாவைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் போதும்.

கடைசியாக வருஷக் கணக்கு. இந்தப் பிராணிகள் பத்து முதல் முப்பது ஆண்டு வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் (Ball Python) மலைப்பாம்பு, ஆண் பாம்போடு சேர்ந்து பதினைந்து வருடங்களுக்கு மேலான பிறகு, 2020-இல் முட்டையிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் ஆசைப்பட்டுக் கேட்கும் பாம்பை, அவன் வேலைக்குப் போன பிறகு கவனிக்கப்போவது அவன் அம்மாதான்.

படி 2: பட்டியலைச் சுருக்குங்கள்

என்னிடம் கேட்டால், முதல் பெயர் பியர்டட் டிராகன். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு ஓணான். வளர்ந்தால் வால் நுனிவரை 40 முதல் 60 செ.மீ., ஆயுள் ஏறக்குறைய 10 ஆண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கும் மேல். மற்ற ஓணான்கள் ஓடி ஒளியும் இடத்தில் இது நின்று நிதானமாக உங்களை ஏற இறங்கப் பார்க்கும். இன்னொரு நல்ல விஷயம், இதன் மனநிலை வெளியே தெரியும். கோபம் வந்தால் தொண்டைத் தாடி கறுத்து உப்பும்; ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக ஆட்டினால் "நான் சண்டைக்கு வரவில்லை" என்று சரணாகதி. புதிதாக வளர்ப்பவருக்கு, பேசத் தெரிந்த பிராணி கிடைத்த மாதிரி. ஆனால் பராமரிப்பு எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 120 x 60 x 60 செ.மீ. கூண்டு, நல்ல யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு, வெப்ப விளக்கடியில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் ஒரு கல், தினமும் நறுக்கிய கீரை. குட்டியில் பூச்சியே பிரதான உணவு. வளர்ந்த பிறகு தட்டில் பெரும்பகுதி கீரையும் காயும்தான். ஒரு எச்சரிக்கை: மின்மினிப் பூச்சியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்கக்கூடாது. ஒன்றே ஒன்று போதும், உயிர் போய்விடும்.

இடமும் நேரமும் குறைவு என்பவர்களுக்கு லெப்பர்ட் கெக்கோ. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளின் கல்லும் புல்லும் கலந்த வறண்ட நிலத்துப் பல்லி. 20 முதல் 25 செ.மீ., 15 ஆண்டுக்கு மேலும் வாழும். சுவரில் ஏறும் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு; சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடித் திறக்கும்போது ஒரு திருப்தியான சிரிப்பு மாதிரித் தெரியும். விரலில் ஒட்டும் தன்மை இல்லாததால் சுவரேறித் தப்பாது, கையில் நிதானமாக நடக்கும். கொழுப்பை வாலில் சேமித்து வைக்கிறது. வால் பருத்திருந்தால் ஆரோக்கியம். பயந்தால் அந்த வாலைக் கழற்றிப் போட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்து பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

கார்ன் ஸ்நேக். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இந்தப் பாம்பு படையைப் பார்த்துத் தானே நடுங்கும் ரகம். தென்கிழக்கு அமெரிக்காவைச் சேர்ந்தது, விஷமில்லை, 120 முதல் 150 செ.மீ. நீளம், 15 முதல் 20 ஆண்டு ஆயுள். வளர்ந்த பாம்புக்குப் பத்துப் பதினான்கு நாளுக்கு ஒரு எலி. கையில் எடுத்தால் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கடிக்க நினைக்காது. குட்டிகள்தான் கொஞ்சம் பதற்றக்காரர்கள்: வாலை அதிர வைக்கும், கொத்துகிற மாதிரி பாயும். அதனால் ஒரு வயது தாண்டியதாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். கூண்டுக்குப் பூட்டு வேண்டும். "பூட்டு" என்று நான் சொல்வது உவமை அல்ல.

பால் பைத்தான் இதற்கு நேரெதிர். மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு, தடித்து, மெதுவாக, மடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். பயந்தால் கொத்தாது, தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பெயரே அதனால் வந்ததுதான். ஒரே தொல்லை சாப்பாட்டில். ஆரோக்கியமான பாம்பே மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாதவரை பயமில்லை. உங்களுக்குத்தான் தூக்கம் போகும். இதன் நிற வகைகளில் "ஸ்பைடர்" வகையைத் தவிர்த்துவிடுங்கள். பரம்பரைக் கோளாறால் அதன் தலை சுழன்று ஆடும். எவ்வளவு பழக்கினாலும் அது மாறாது.

நீலநாக்கு ஸ்கிங்க் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் உள்ள, குட்டையான காலும் உருளையான உடம்பும் கொண்ட அரணை. 45 முதல் 60 செ.மீ. எதையும் தின்னும், எதற்கும் அலட்டிக்கொள்ளாது. விலை அதிகம், கிடைப்பது அரிது என்பதால் மட்டுமே பட்டியலின் கடைசியில் வைக்கிறேன். கிரெஸ்டட் கெக்கோ பற்றி முன்பே சொன்னேன். அழிந்துவிட்டதாக நம்பப்பட்டு 1994-இல் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இனம். சாதுவானது, ஆனால் முன்னறிவிப்பின்றித் தாவும். வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் துவண்டுபோகும் என்பதால், குளிர்ச்சியான வீட்டுக்கே பொருந்தும்.

அழகில் மயங்கி வாங்கிப் பிறகு விழிப்பவர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பச்சோந்தி பார்ப்பதற்கு மட்டும். தொட்டாலே மன அழுத்தத்தில் நிறம் கறுத்துவிடும். பச்சை இகுவானா என்ற பெரிய ஓணான் குட்டியில் ஒரு சாண் நீளம், வளர்ந்தால் ஒன்றரை மீட்டர். அதன் வால் சாட்டை. சல்கேட்டா ஆமை உள்ளங்கையில் அடங்கும், பின்னாளில் 50 கிலோவைத் தொடும். செங்காது ஆமை, கடைத் தொட்டிகளில் நாணய அளவில் நீந்துமே அதுதான், கால் மீட்டருக்கு மேல் வளர்ந்து பெரிய வடிகட்டியும் நிறையத் தண்ணீரும் கேட்கும். சலிப்படைந்தவர்கள் குளத்தில் கொண்டுபோய் விட்டே அது உலகெங்கும் அந்நிய ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. ஆமைகளைக் கையில் எடுப்பதே அவற்றுக்குப் பிடிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையை விட்டுக் கால் எழும்பினால் அவற்றுக்கு அது வேட்டையாடப்படும் தருணம்.

படி 3: வீடு முதலில், விருந்தாளி பிறகு

பிராணியையும் கூண்டையும் ஒரே நாளில் வாங்கி வருவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. கூண்டை ஒரு வாரம் முன்பே அமைத்து, விளக்கெல்லாம் ஓடவிட்டு, வெப்பம் நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். இதற்கும் பழகுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். குளிரில் கிடக்கும் பல்லிக்கு ஓடவும் தெம்பில்லை, தின்னவும் தெம்பில்லை. அது கையில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து "எவ்வளவு சாது!" என்று மகிழ்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டுக்கும் நடுவே அது தானே நடந்து தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும், இதுதான் அடிப்படை. லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி, பால் பைத்தானுக்கு 32-ஐ ஒட்டி, கார்ன் ஸ்நேக்குக்கு 30-ஐ ஒட்டி. வெப்ப விளக்கோ வெப்பப் பாயோ, எதுவானாலும் தெர்மோஸ்டாட் (வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி) இல்லாமல் இயக்காதீர்கள். பாயின் மேல் படுத்து வயிறு வெந்துபோனாலும் விலகத் தெரியாத பிராணிகள் இவை. மின்சாரத்தில் தானே சூடேறும் செயற்கைக் கல்லை விற்றால் வாங்க வேண்டாம்.

"ஜன்னலோரம் வெயிலில் வைத்தால் விளக்குச் செலவு மிச்சமாகுமே?" ஆகாது. யூவிபி கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வராது. வெப்பம் மட்டும் தாண்டி வந்து தொட்டியை அடுப்பாக்கிவிடும். யூவிபி இல்லாவிட்டால் ஓணானின் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகாது, கால்சியம் சேராது, தாடை ரப்பர் போல வளையும். விளக்குக் குழாய் வெளிச்சம் தந்துகொண்டே இருந்தாலும் அதன் யூவிபி மங்கிப்போகும். உற்பத்தியாளர் சொன்ன கெடுவில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில், மாற்ற வேண்டும்.

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வையுங்கள். ஒளிய இடம் இருந்தால் பிராணி எப்போதும் ஒளிந்தே இருக்கும், பழகாது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். நடப்பது தலைகீழ். ஓட இடம் உண்டு என்று தெரிந்த பிராணிதான் தைரியமாக வெளியே வரும். தோலுரிக்கும் பல்லிக்கு ஈரப்பாசி வைத்த ஒரு டப்பாவும் வேண்டும். இல்லையேல் விரல் நுனியில் பழைய தோல் இறுகி விரலே போய்விடும். ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். துணையில்லாமல் வாடுமே என்ற கவலை நம்முடையது. அவற்றுக்கு இன்னொரு டிராகன் என்பது சூடான கல்லுக்குப் போட்டி.

படி 4: தேர்ந்தெடுக்கும் நேரம்

வளர்ப்பவரிடம் நேரில் போய்ப் பாருங்கள். கண் தெளிவாக, முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மூக்கில் நீர்க்குமிழி இருக்கக்கூடாது. கழிவுத் துவாரம் சுத்தமாக, வால் பருமனாக, இடுப்பெலும்பு துருத்தாமல் இருக்க வேண்டும். நடக்கும்போது வயிறு தரையை விட்டு எழும்ப வேண்டும். தரையில் இழுத்துக்கொண்டு நடந்தால், கால் நடுங்கினால், எலும்பு நோய். பாம்பின் தாடைக்கடியிலும் கண்ணைச் சுற்றியும் நகரும் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உண்ணி. பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சளி பிடித்திருக்கலாம். டிராகன் விளக்கடியில் வாயைப் பிளந்தபடி கிடந்தால் பயப்பட வேண்டாம், சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

இரண்டு விஷயம் கேளுங்கள். "இப்போது ஒருமுறை சாப்பிட வைத்துக் காட்ட முடியுமா?" என்பது ஒன்று. பாம்பானால் கடைசியாக எப்போது, என்ன தின்றது என்ற குறிப்பைக் கேளுங்கள். உறைந்து இளகிய எலியைத் தின்னப் பழகாத பாம்பை முதல் பாம்பாக வாங்காதீர்கள். இரண்டாவது, "கையில் எடுக்கலாமா?" கேட்டுவிட்டு, அவர் எடுக்கும் விதத்தைப் பாருங்கள். அவர் அலட்சியமாக வாலைப் பிடித்துத் தூக்கினால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கையில் வந்த பிராணி முதலில் சற்று விறைத்து, பிறகு நாக்கை நீட்டி உங்கள் தோலை மோந்து பார்த்து, மெதுவாக நடக்கத் தொடங்கினால் அதுதான் உங்களுக்கானது. பித்துப் பிடித்ததுபோல் ஓடுவதும் வேண்டாம், துணிமூட்டை மாதிரி துவண்டு கிடப்பதும் வேண்டாம். "பாவம், மூலையில் சோர்ந்து கிடக்கிறதே, காப்பாற்றலாம்" என்ற இரக்கம் வரும். அது நல்ல குணம்தான், முதல் பிராணியில் மட்டும் வேண்டாம்.

வாங்கும் முன்பே, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் பூனை பார்ப்பவர் எல்லாரும் இவற்றைப் பார்ப்பதில்லை.

படி 5: முதல் இரண்டு வாரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இங்கேதான் நான் தோற்றேன். என் லெப்பர்ட் கெக்கோ வந்த மூன்றாம் நாள், பொறுமை போய், அது குகையிலிருந்து தலையை நீட்டிய நேரம் மேலிருந்து கையை இறக்கி லபக்கென்று பிடித்தேன். ஒரு சிறு சொடுக்கு மாதிரி ஏதோ உணர்ந்தேன். பல்லி என் கையில் இருந்தது. வால் கீழே கூண்டுத் தரையில் கிடந்து, தனியாக, மீன்குஞ்சு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. ரத்தம் அதிகமில்லை. பல்லி என்னைப் பார்க்கவே இல்லை, அறுந்த இடத்தைச் சுருக்கிக்கொண்டு எங்கோ பார்த்தது. புதுவால் வளர்ந்தது, ஆனால் பழைய வளையங்கள் இல்லாமல், பூண்டு போல உருண்டையாக. இன்றைக்கும் யாராவது "ஏன் இதன் வால் மட்டும் இப்படி?" என்று கேட்கும்போது நான்தான் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது.

மேலிருந்து இறங்கும் எதுவும் அவற்றுக்குப் பருந்துதான். அதை நான் வால் போன பிறகு கற்றேன்.

எனவே முதல் பத்துப் பதினான்கு நாள் தண்ணீர் மாற்றுவது, சாப்பாடு வைப்பது, சுத்தம் செய்வது தவிரக் கை உள்ளே போகக்கூடாது. தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காகச் சாப்பிட்டால் குடியேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பூச்சியின் அளவு அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டக்கூடாது. சமையல் தராசில் வாரம் ஒருமுறை, டப்பாவோடு நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள் (அதற்கென ஒரு தராசு தனியாக வாங்கினால் வீட்டில் சண்டை வராது).

படி 6: கைப்பழக்கம்

மூன்றாம் வாரம் கையைக் கழுவிவிட்டு, கூண்டின் தரையில் உள்ளங்கையை விரித்து வைத்துச் சும்மா இருங்கள். ஐந்து நிமிடம். கையில் முந்தைய சாப்பாட்டு வாசனை இருந்தால் விரலையே எலி என்று நினைக்கும். பாம்பு வளர்ப்பவர்கள் வாங்கும் கடிகளில் பெரும்பங்கு கோபத்தால் அல்ல, இந்தக் குழப்பத்தால். சாப்பாட்டை எப்போதும் நீண்ட இடுக்கியால் கொடுங்கள். பாம்பை எடுக்கும் முன் ஒரு சிறு கொக்கியாலோ காகிதச் சுருளாலோ உடம்பை லேசாகத் தொட்டால், "இது சாப்பாட்டு நேரமில்லை" என்று நாளடைவில் புரிந்துகொள்ளும். தின்றபின் இரண்டு நாள் பாம்பைத் தொடாதீர்கள், விழுங்கியதைக் கக்கிவிடும்.

தூக்குவதானால் பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, வயிற்றுக்கடியில் கொடுத்து, நாலு காலும் ஊன்ற இடம் தந்து எடுங்கள். பாம்பை நடு உடம்பில் இரண்டு கையால் தாங்குங்கள், தலையைப் பிடிக்காதீர்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்வது நல்லது. விழுந்தாலும் அரை அடிதான். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு பதினைந்து. அது அமைதியாக இருக்கும்போதே திருப்பி விடுங்கள். திமிறும்போது விட்டால், திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும் ஓணானைத் தடவிக்கொடுத்துச் சுகமாக இருக்கிறது என்று படம் பிடிக்கிறார்கள். பல நேரம் அது "இந்தத் தொல்லை தீரட்டும்" என்று அடங்கிக் கிடப்பதுதான். சுற்றிப் பார்ப்பது, நாக்கை நீட்டுவது, தானே நகர்ந்து உங்கள் கை மேலே ஏறுவது, இவைதான் நல்ல அறிகுறி. தாடி கறுத்தால், வால் நுனி அசைந்தால், கழுத்து ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைந்தால் அன்றைக்குப் போதும்.

தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். ஆரோக்கியமான ஊர்வனவும் நம் குடலைத் தாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நோய் எதிர்ப்புக் குறைந்தவர் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அதன் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், முத்தமும் வேண்டாம். சிறு ஆமைகளால் குழந்தைகளுக்கு வந்த இந்தத் தொற்றால்தான் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடைசெய்தது.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால், டிராகன் சில வாரம், கெக்கோ சில மாதம். வால் அறுந்த என் பல்லிக்கு ஏழு மாதம் ஆனது. ஓர் இரவு கூண்டுக்குள் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தேன். குகையிலிருந்து வந்து கட்டை விரலை ஒருமுறை நக்கியது. யோசித்தது. ஒரு முன்னங்கால் ஏறியது, மெத்தென்று, ஈரமில்லாத குளிர்ச்சியோடு. பிறகு இன்னொன்று. உங்களுக்கும் அந்த இரவு வரும்போது கையை மட்டும் அசைத்துவிடாதீர்கள். மூச்சு விடலாம்.